பிடுங்கிப் பார்க்கிற கை

செடி வளர்த்து விக்கிற தொழிலுக்கு முதல்ல வேண்டியது பொறுமைன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தச் சாமான் எங்க பரம்பரையிலயே கிடையாது. பஸ் அஞ்சு நிமிசம் பிந்தினா நான் அடுத்த ஹோல்ட்டுக்கு நடக்கத் தொடங்கிடுவேன். பாதி வழியில பஸ் என்னைத் தாண்டிப் போகும். சோறு வேகும்போது மூடியத் திறந்து திறந்து பார்க்கிறவங்க, வைத்தியர் குடுத்த மருந்து ஒரு வேளை குடிச்சிட்டு "இன்னும் குணமாகலையே"ன்னு கேட்கிறவங்க, நீங்க எல்லாரும் இத வாசிங்க. மத்தவங்களுக்கு நம்ம கஷ்டம் விளங்காது.

குண்டசாலையில ரோட்டோரமா எனக்கு ஒரு சின்ன நர்சரி. பூச்செடி இல்ல, கலர் இலைச் செடி மட்டுந்தான். குரோட்டன், கோலியஸ், கோடிலைன், அந்த வகை. இப்ப கண்டியில அடிக்கிற வெயிலுக்கு ரோஜாவெல்லாம் மத்தியானத்துக்குள்ள தலையத் தொங்கப் போட்டுடுது. குரோட்டன் அப்படி இல்ல. வெயில் பட்டாத்தான் அதுக்குச் சிவப்பே ஏறும், வருசக்கணக்கா நிக்கும். வேலைக்கு என்னோட பாக்கியம் இருக்கா. என் வயசுதான், ஆனா "அக்கா"ன்னுதான் கூப்பிடுவா. தோட்டத்துல கொழுந்தெடுத்தவ, தேயிலை நர்சரியிலயும் பல வருசம் நின்னவ.

கண்டி டவுன்ல எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு புடவைக்கடை. "எதுக்கு வெயில்ல காயிற? வந்து கவுண்டர்ல நில்லு"ன்னு அத்தான் ரெண்டு வருசமா கூப்பிடுறாரு. ஒரு நாள் கோபத்துல என் வீட்டுக்காரர் அந்தோணிகிட்ட, "வர்ற தீபாவளிக்குள்ள இந்த நர்சரி நிமிரலன்னா நான் கடைக்கே போறேன், மாதா மேல சத்தியம்"னு சொல்லிட்டேன். வாய் நம்மளோடதுதான், ஆனா நம்ம பேச்சை எங்க கேக்குது? அந்த நாள்லேருந்து எனக்கு ராத்தூக்கமும் இல்ல, பகல்ல உக்காரவும் ஏலல.

இருபது குச்சி

நர்சரி தொடங்கின புதுசுல இருபது குரோட்டன் குச்சி மண்ணுல நட்டேன். மூணாம் நாள் ஒண்ணப் பிடுங்கி வேர் வந்திருக்கான்னு பார்த்தேன். வரல. திரும்ப நட்டேன். அஞ்சாம் நாள் வேற ஒண்ணு. ஏழாம் நாள், இன்னைக்கு யாரும் பார்க்கலன்னு நினைச்சி, இருபதையும் பிடுங்கிப் பார்த்தேன். நாலஞ்சு குச்சியில அடியில வெள்ளையா, அரிசி நுனி மாதிரி, என்னமோ தெரிஞ்சது. சந்தோசத்துல தண்ணியில அலசிட்டேன். அந்த வெள்ளையும் உதிர்ந்து போச்சி.

இருபதும் கறுத்துச் செத்த அன்னைக்கு, மண்ணு சரியில்லன்னேன், தண்ணியில குளோரின்னேன், குச்சி குடுத்தவங்க கண்ணு சரியில்லன்னேன். பாக்கியம் வெறும் சட்டிகள அடுக்கிட்டு, இடுப்புல கைய வச்சிக்கிட்டு சொன்னா: "அக்கா, பிள்ளைத்தாச்சி வயித்த யாராச்சும் வாரம் ரெண்டு தடவ திறந்து பாப்பாங்களா?"

கொழுந்தெடுத்த விரல்

பாக்கியத்துக்கும் ஒரு வியாதி இருக்கு, அது எனக்கு ஆறுதல். கெலிஓயாவுலேருந்து செடி வாங்க வர்ற பரீனா ராத்தா, அவங்க ஆளுங்க அக்காவ ராத்தான்னுதான் சொல்லுவாங்க, மகள் கல்யாணத்துக்கு வாசல்ல வைக்க நாப்பது கோலியஸ் சொல்லியிருந்தாங்க. "உயரமா, நெட்டையா வேணும்"னு கண்டிசன். நான் ஒவ்வொரு நாளும் அடிமட்டம் வச்சி அளந்துக்கிட்டு இருந்தேன். ஒரு காலையில வந்து பார்த்தா நாப்பது செடிக்கும் தலை இல்ல. மாடு வந்திருச்சோன்னு வேலிய ஓடிப் பார்த்தேன். மாடு இல்ல, பாக்கியம். தண்ணி ஊத்திக்கிட்டே, பக்கத்து வீட்டுக்காரியோட கதை பேசிக்கிட்டே, ரெண்டு இலையும் ஒரு கொழுந்துமா நாப்பதையும் கிள்ளி மடியில போட்டிருக்கா. "கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா, எனக்கே தெரியல"ன்னு மடிய விரிச்சிக் காட்டுறா. சிவப்பும் பச்சையுமா ஒரு மடி நிறைய கொழுந்து!

நான் கத்தின கத்துல ரோட்டுல போன ஆட்டோ நின்னுச்சி. ராத்தாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு மூணு வாரம் போனையே எடுக்கல. கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தி அவங்களே வந்து இறங்கினாங்க. அதுக்குள்ள கிள்ளின இடத்துல எல்லாம் ரெண்டு ரெண்டா கிளை வெடிச்சி, ஒவ்வொரு செடியும் கூடை மாதிரி பம்மி நிக்குது. ராத்தா சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, நடந்ததக் கேட்டு வயித்தப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சாங்க. "அல்லாவே, கிள்ளினா இவ்வளவு வடிவா வருமா? என்ட சின்ன மகளும் நெட்டையா வளர்ந்து ஒரு வேலையும் செய்றல்ல, அவளையும் ஒருக்கா கிள்ளி உடச் செல்லுங்க!"

வளராத செடி

டவுன்ல ஒரு பேங்க்ல வேலை செய்ற யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருத்தர் ஞாயித்துக்கிழமைகள்ல வருவாரு. மெலிஞ்ச ஆள், எப்பவும் இஸ்திரி போட்ட சட்டை. மாடி ரூம்ல தனியா இருக்காராம், வெயில் நேரா ஜன்னல்ல அடிக்குமாம். ஒரு மணி நேரம் எல்லாச் செடியையும் பார்ப்பாரு, ஒண்ணும் வாங்க மாட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள எண்ணெய் கொதிக்கும். நாலாவது ஞாயிறு கேட்டுட்டேன், "தம்பிக்கு என்னதான் வேணும்?"

"வெயில் தாங்கிற, வளராத செடி ஏதும் இருக்கோ அக்கா?"ன்னாரு. வளராத செடி வேணும்னா பிளாஸ்டிக் கடைக்குப் போகச் சொன்னேன். அவரு கோவிக்கல. சட்டி விளிம்ப விரலால தடவிக்கிட்டே சொன்னாரு: "இல்லை அக்கா, மூண்டு வருசத்துக்கு ஒருக்கா என்னை இடம் மாத்திப் போடுவாங்கள், போன முறை இடுப்பளவு வளர்ந்ததைக் கொண்டுவர ஏலாமல் விட்டிட்டு வந்தனான், அது இன்னும் மனசுக்க நிக்குது."

கறுத்தம்மா

இனித்தான் என் கதை. என்கிட்ட ஒரே ஒரு குரோட்டன் இருந்துச்சி, நெஞ்சளவு உயரம். இலை கறுப்புன்னு சொல்ற அளவுக்குச் சிவப்பு, நடுநரம்பு மட்டும் ரோசா நிறம். எங்கேருந்து வந்துச்சின்னு எனக்கே தெரியாது, பழைய சட்டிகளோட சேர்ந்து வந்தது. பாக்கியம்தான் கறுத்தம்மான்னு பேர் வச்சா. சித்திரை வருசப் பிறப்பு முடிஞ்சி, கடுகண்ணாவையில புதுசா கட்டுற ஒரு கல்யாண மண்டபத்து மெனேஜர் மாத்தயா வந்தாரு, சிங்களத்துல மாத்தயான்னா ஐயா. மண்டப முத்தம் பூரா சிமெண்டாம். வச்ச செடியெல்லாம் வெயில்ல பொரிஞ்சி போச்சாம். கறுத்தம்மாவப் பார்த்ததும் மனுசன் அப்படியே நின்னுட்டாரு. "மிஸ், இதே மாதிரி அறுபது. ஒரு சாண் உயரம் போதும். திறப்பு விழாவுக்கு அஞ்சு மாசம் இருக்கு." நான் யோசிக்கவே இல்ல. சரின்னுட்டேன். அறுபது கறுத்தம்மா அந்த மண்டபத்துல நின்னா கண்டி முழுக்க என் பேர் தெரியும். தீபாவளியாவது புடவைக்கடையாவது!

பதியம் போட்டா வருசத்துக்கு அஞ்சாறு தேறும், அவ்வளவுதான்னு பாக்கியம் தலையில அடிச்சிக்கிட்டா. அடுத்த நாள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாலு நாள் லீவு போட்டுப் போனா. "நான் வர்ற வரைக்கும் கறுத்தம்மா மேல கை வைக்காதீங்க"ன்னு போற வழியில திரும்பி வந்து வேற சொல்லிட்டுப் போனா. ஒரு நாள் பொறுத்தேன். ரெண்டாம் நாள் அவ எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சி: தேயிலையில ஒரு இலை இருந்தா ஒரு செடி. ஆகா! கறுத்தம்மாவுல அறுபது இலைக்கு மேல இருக்கே! கத்தி தேடுறதுக்குக் கூடப் பொறுமை இல்லாம, கையாலயே ஒவ்வொரு இலையா இழுத்துப் பிச்சேன். அறுபது சட்டியில அறுபது இலை நட்டேன். பின்னேரம் அந்தோணி வேலை முடிஞ்சி வந்து, மொட்டையா நின்ன கறுத்தம்மாவ சுத்தி ஒரு தடவ நடந்தாரு. "ஏன் ஸ்டெல்லா, இது செடியா, இல்ல துணி கிழிஞ்ச குடையா?"

கண்ணோடதானே?

நாலாம் நாள் பாக்கியம் நெத்தியில திருநீறோட வந்தா. அறுபது சட்டியையும் பார்த்தா, கறுத்தம்மாவப் பார்த்தா. ஏசுவான்னு நினைச்சேன், ஏசல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "கண்ணோடதானே எடுத்தீங்க?" என்ன கண்ணு, ஏது கண்ணுன்னு நான் கேட்டிருக்கணும். கேட்டா இன்னும் பத்து நிமிசம் போகும்னு "ஆமா ஆமா"ன்னுட்டேன். அந்த ஆமாவுக்கு நான் இன்னைக்கும் வெக்கப்படுறேன். கறுத்தம்மாவப் பார்க்கப் பார்க்க மனசு குத்துச்சி. அதத் தூக்கிட்டுப் போய்த் தண்ணித் தாங்கிக்குப் பின்னால, கொதிக்கிற சிமெண்டுல, என் கண்ணுக்கு மறைவா வச்சிட்டேன்.

ஆறாம் வாரம் ஒரு இலையப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்! வெள்ளை வெளேர்னு, ஒரு விரல் நீளம்! அறுபதையும் பிடுங்கிப் பார்த்தேன், எல்லாத்துலயும் வேர். அந்த எடத்துலயே மெனேஜருக்குப் போன் போட்டு "ரெடியாகுது"ன்னேன். அத்தானுக்கும் போட்டு, "கவுண்டருக்கு வேற ஆளப் பாருங்க"ன்னு பெரிய மனுசி மாதிரி சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் போச்சி, ரெண்டு மாசம் போச்சி. அறுபது இலையும் மினுமினுன்னு நிக்குது. வாடல, மஞ்சளாகல, ஒரு தளிரும் விடல. எருப் போட்டேன், இடம் மாத்தினேன், நிழலுக்கு மேல கட்டியிருந்த நெட்டக் கழட்டினேன், ஜெபமாலை சொன்னேன். கடைசியில பாக்கியம் ஒரு சட்டியத் தட்டி, மண்ண உதறி, இலைக்காம்பு அடிய வெயிலுக்கு நேரா பிடிச்சிப் பார்த்தா. காம்பு தண்டோட சேர்ற அக்குள்ல இருக்குமே ஒரு மொட்டு, அதுதான் கண்ணு. நான் கையால பிச்சதுல அறுபது கண்ணும் கறுத்தம்மாவோடயே நின்னு போச்சி. பாக்கியம் அந்த இலையத் திரும்ப மெதுவா நட்டுட்டு சொன்னா: "வேர் இருக்கு, கண்ணு இல்ல அக்கா, இது இனிச் சாகவும் சாகாது, வளரவும் வளராது."

கடுகண்ணாவைக்கு ஒரு இலை

போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா பொய்யப் போன்ல சொன்னேன், உண்மையையாவது நேர்ல சொல்லுவோம்னு ஒரு சட்டிய பேக்ல வச்சிக்கிட்டுப் புறப்பட்டேன். குண்டசாலையிலேருந்து கண்டி, கண்டியிலேருந்து கடுகண்ணாவை. பஸ்ல சனம் நெரிஞ்சது. யாரு முழங்கை எந்தப் பக்கம் வந்தாலும் நான் அந்த ஒத்தை இலைய மறைச்சிப் பிடிச்சேன். பச்சைப் பிள்ளைய வச்சிருக்கேன்னு நினைச்சி ஒரு மனுசி எந்திரிச்சி இடம் குடுத்துச்சி. உள்ள எட்டிப் பார்த்துட்டு முகத்தத் திருப்பிக்கிச்சி.

மண்டப முத்தம் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. மெனேஜர் மாத்தயாகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். கண்ணு, காம்பு, நான் சொன்ன ஆமா, எல்லாம். நல்ல மனுசன், சத்தம் போடல. ஆனா திறப்பு விழாவுக்கு ஒரு மாசந்தான் இருக்கு, வேற இடத்துல செடி பார்க்கப் போறேன்னு சொல்லிட்டாரு. சட்டிய உள்ளங்கையில வச்சித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "ஐயோ மிஸ், நான் மாப்பிள்ளையக் கேட்டேன், நீங்க மாப்பிள்ளையோட கைய மட்டும் கொண்டு வந்திருக்கீங்களே!"

இதுதான் கேட்டது

திரும்பி வரும்போது கண்டியில இறங்கி நேரா அத்தான் கடைக்குப் போனேன். திங்கக்கிழமையிலேருந்து வர்றேன்னேன். அத்தான் டீ வாங்கிக் குடுத்தாரு. அதுதான் இன்னும் வலிச்சது.

மறுநாள் ஞாயிறு. சாமான ஒதுக்கிக்கிட்டு இருந்தப்போ பேங்க் தம்பி வந்தாரு. அவருக்கு மாத்தல் வந்திருச்சாம், அடுத்த வாரம் புறப்படுறாராம், சொல்லிட்டுப் போக வந்தாராம். அவரு கண்ணு அறுபது சட்டி மேலயும் போச்சி. இது வேர் மட்டும் உள்ள இலை, எத்தனை வருசம் ஆனாலும் இப்படியேதான் நிக்கும், தளிர் விடாது, விக்கிற சாமான் இல்லன்னு நானே சொன்னேன். இனிப் பொய் சொல்றதில்லன்னு முடிவு பண்ணியிருந்தேன். அவரு குந்தி உக்காந்து ஒரு இலையத் தொட்டுப் பார்த்தாரு. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சி, இல்ல என் கண்ணுதான் கலங்கியிருந்துச்சோ தெரியல. "அக்கா, இதைத்தானே நான் உங்களிட்ட முதலே கேட்டனான்?"

தண்ணித் தாங்கிக்குப் பின்னால

அவரு ஒரு சட்டியத் தூக்கிக்கிட்டுப் போனதும் பாக்கியம் ஓஸ் பைப்பத் தேடிக்கிட்டுத் தாங்கிக்குப் பின்னால போனா. போனவ சத்தமே காணோம். பாம்போன்னு பயந்து ஓடினேன். கறுத்தம்மா நிக்கிறா! நாலு மாசமா நான் எட்டியும் பார்க்கல. தாங்கி நிரம்பி வழியிற தண்ணி சொட்டுச் சொட்டா சட்டியில விழுந்திருக்கு, மத்ததுக்கு வெயில் இருந்திருக்கு. நான் இலை பிச்ச ஒவ்வொரு தழும்புக்கும் மேல, அந்தந்தக் கண்ணுல, தளிர் வெடிச்சி நிக்குது. நெட்டுக்குக் கீழ இருந்தப்போ இருந்த கலர் இல்ல இது. ரத்தச் சிவப்பு, விளிம்பு கறுப்பு, கண்ணக் கூசுது. நான் அங்கயே சிமெண்டுல குந்திட்டேன். சிமெண்டு சுட்டதுகூட உறைக்கல. வாய விட்டு அழுதேன்.

அழுது முடிச்ச கையோட, நான் எந்திரிச்சேன். "பாக்கியம், கத்திய எடு! எண்ணிப் பார்ப்போம், நாப்பது தேறும், இப்பவே மெனேஜருக்குப் போன் பண்ணி, கடைக்குப் போகலன்னு அத்தானுக்கும்…"னு கைய நீட்டிட்டேன் தளிர்கிட்ட. பாக்கியம் சுள்ளுன்னு என் கையில ஒரு அடி போட்டா. இத்தனை வருசத்துல முதல் தடவ. அடிச்சிட்டு அவளே பயந்து, அடிச்ச இடத்தத் தடவிக் குடுத்தா. அடுத்த வருசம் முத்தினதும் கண்ணோட, கத்தியால, நான் வெட்டுறேன்னா. மெனேஜர் மாத்தயாகிட்டயும் அடுத்த வருசத்துக்குக் கேட்டுப் பார்ப்போம்னா. நர்சரிய மூட வேணாம், தான் பார்த்துக்கிறேன்னா. அப்ப நான் என்ன செய்றதுன்னு கேட்டேன். ஏசுறதுக்கு இல்ல, உண்மையா எனக்கு நல்லது நினைச்சித்தான் அவ சொன்னா: "நீங்க கடைக்குப் போங்க அக்கா, நீங்க போனாத்தான் இது வளரும்."

போனேன், கறுத்தம்மாவும் நர்சரியும் நல்லா இருக்காங்க, நான் புடவை மடிச்சிக்கிட்டு இருக்கேன், கவுண்டர்ல என் பக்கத்துல ஒரு ஒத்தை இலைச் சட்டி இருக்கு, அத மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு தடவ பிடுங்கிப் பார்த்துக்கிறேன்.